'தேவையான அளவு தண்ணீர்' என்றால் எவ்வளவு?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில், வீட்டிலேயே மாவு பிசைந்து பாஸ்தா செய்வது பற்றி அரைப்பக்கத்துக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. பாக்கெட்டைப் பிரித்து வேகவைப்பதைத் தாண்டி இதைப் பற்றியும் எழுதுகிறார்களே என்று சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். "2 கப் மைதா, 2 முட்டை, தேவையான அளவு தண்ணீர் சேர்த்து மிருதுவாகப் பிசைந்துகொள்ளவும்" என்று எழுதியிருக்கிறது. தேவையான அளவு என்றால் எவ்வளவு? பாஸ்தா மாவு பிசைந்து பழகியவருக்கு அது கையிலேயே தெரியும், ஆனால் அவருக்கு இந்தக் குறிப்பே தேவையில்லை. முதல்முறையாகச் செய்யப் போகிறவருக்குத்தானே இதை எழுதினீர்கள்? அவர் 'மிருதுவாக' என்ற சொல்லை நம்பி, மாவு கைக்கு இளகி வரும்வரை தண்ணீர் ஊற்றுவார். அப்புறம் அது தேய்க்கும்போது பலகையில் ஒட்டும், வெட்டினால் பிரியாது, கொதிக்கும் தண்ணீரில் போட்டால் ஒரே கட்டியாகிவிடும். தனக்குக் கைப்பக்குவம் இல்லை என்று நினைத்து அதோடு விட்டுவிடுவார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு குறிப்பில் இருக்கிறது, பழியை அவர் சுமக்கிறார்.

எட்டு வருடங்களாக வீட்டில் பாஸ்தா செய்கிறேன், தெரிந்தவர்கள் பலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கும் இதேதான் நடந்தது, ஆனால் தலைகீழாக. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது இத்தாலியில், குறிப்பாக எமிலியா-ரொமாஞ்யா பகுதியில், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கணக்கு. அதை அப்படியே பிடித்துக்கொண்டு, 200 கிராம் மைதாவைத் தராசில் நிறுத்து, 2 முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்தேன். மாவு சேரவே இல்லை. கட்டி கட்டியாக உதிர்ந்தது, அழுத்திச் சேர்த்தால் ஓரமெல்லாம் வெடித்தது. மூன்று முறை தூக்கிப் போட்டேன். நாலாவது முறை என்னவோ தோன்றி, முட்டையையும் தராசில் உடைத்து ஊற்றிப் பார்த்தேன். ஓடு போக ஒன்று 42 கிராம், இன்னொன்று 41. அங்கேதான் விஷயம் பிடிபட்டது. ஐரோப்பாவில் நடுத்தர அளவு முட்டை என்றால் ஓட்டோடு 53 முதல் 63 கிராம் வரை இருக்க வேண்டும் என்று வரையறையே இருக்கிறது, ஓட்டைக் கழித்தாலும் சராசரியாக 50 கிராம் போல நிற்கும். 100 கிராம் மாவுக்கு முட்டையும் தண்ணீருமாகச் சேர்த்து ஏறக்குறைய 55 கிராம் ஈரம் வேண்டும். என் இரண்டு முட்டையில் 83 கிராம்தான் இருந்தது, தேவையோ 110. கிட்டத்தட்ட 27 கிராம் குறை! அன்று ஒரு மஞ்சள் கருவும் இரண்டு தேக்கரண்டித் தண்ணீரும் சேர்த்ததும் அதே மாவு, அதே கை, பத்து நிமிடத்தில் பட்டுப்போல் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், கப் கணக்கு வேண்டாம். மாவைக் கப்பால் அள்ளி அமுக்கினால் 150 கிராம் வரும், கரண்டியால் தளரப் போட்டு நிரப்பினால் 120 கிராம்தான் வரும். இரண்டு கப்பில் 60 கிராம் வித்தியாசம் என்றால் அதற்கான ஈரம் மட்டும் 33 கிராம், கிட்டத்தட்ட முக்கால் முட்டை. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும், முதல் முறையே மாவு சரியாக வரும். உங்கள் குறிப்பில் ஒரே ஒரு வரியை மாற்றலாம் என்றால் நான் இதைத்தான் மாற்றுவேன்: 200 கிராம் மைதா, ஓடு நீக்கிய முட்டை 110 கிராம், முட்டை குறைந்தால் மீதிக்கு மஞ்சள் கரு அல்லது தண்ணீர். இரண்டு பேர் வயிறார சாப்பிடலாம்.

மைதா என்றதும் ஞாபகம் வருகிறது, '00' மாவு கிடைத்தால்தான் சரியாக வரும் என்று குறிப்பில் இருந்ததும் ஆரம்பிப்பவரைப் பயமுறுத்தத்தான் உதவும். 00 என்பது இத்தாலிய வகைப்பாடு, தவிடு எந்த அளவுக்கு நீக்கப்பட்டிருக்கிறது என்பதை, மாவை எரித்தபின் மிஞ்சும் சாம்பலை வைத்துக் கணக்கிட்டுச் சொல்கிற எண். புரதம் எவ்வளவு என்பதை அது சொல்லாது. சாதாரண மைதாவில் நல்ல முட்டைப் பாஸ்தா வரும், நான் பெரும்பாலும் அதில்தான் செய்கிறேன்.

பிசைவதைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு சொல்தான் இருந்தது. ஆனால் ஆரம்பிப்பவர் மனம் தளர்கிற இடமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மாவைக் குவித்து நடுவில் குழி பறித்து அதில் முட்டை உடைத்து ஊற்றுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முதல் தடவை கரை உடைந்து முட்டை மேடையில் ஓடும். அகலமான பாத்திரத்திலேயே கலந்துகொள்ளுங்கள், ருசியில் ஒரு வித்தியாசமும் வராது. முள்கரண்டியால் கிளறி, மாவு துணுக்குத் துணுக்காக ஆனதும் பலகைக்கு மாற்றுங்கள். முதல் மூன்று நிமிடம் மாவு கரடுமுரடாக, காய்ந்தமாதிரி, இது எங்கே சேரப் போகிறது என்று தோன்றும்படிதான் இருக்கும். அங்கேதான் எல்லோரும் தண்ணீரை எடுப்பார்கள். எடுக்காதீர்கள். நிறுத்துப் போட்டிருக்கிறீர்கள், அளவு சரியாகத்தான் இருக்கிறது. மாவுக்கு ஈரத்தை உறிஞ்ச நேரம் வேண்டும், அவ்வளவுதான். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னால் தள்ளி, மடித்து, கால்வட்டம் திருப்பி, மறுபடி தள்ளி, இப்படியே போக வேண்டும். ஐந்தாவது நிமிடம் வாக்கில் மேல்பரப்பு மாறத் தொடங்கும். புள்ளி புள்ளியாக இருந்தது மறைந்து வழவழப்பாகும், கையில் ஒட்டியிருந்த பிசிறையெல்லாம் மாவே துடைத்து எடுத்துக்கொள்ளும். எட்டு, பத்து நிமிடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள், குழி மெதுவாக மேலெழும்பி வந்தால் போதும். இந்த மாவு கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். மணிக்கட்டு கொஞ்சம் வலித்தால்கூட நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

மாவுக்கு ஓய்வு கொடுப்பது பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. அது இடமின்மையால் விட்டதாக இருந்தாலும் நியாயமில்லை, வேறு எதை வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம். கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. ஈரம் பட்டுப் பிசையும்போது அவை இரண்டும் பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. பிசைந்த கையோடு தேய்க்கப் போனால் அந்த வலை ரப்பர் மாதிரி இழுத்துக்கொள்ளும். நீங்கள் ஒரு சாண் தேய்ப்பீர்கள், கட்டையை எடுத்ததும் அது அரைச் சாணாகச் சுருங்கும். மேலே காற்றுப் படாமல் மூடி, அறை வெப்பத்தில் அரை மணி நேரம் விட்டால் வலை தளர்ந்து கொடுக்கும், உள்ளே ஈரமும் சமமாகப் பரவும். அரை மணி கழித்துத் தொட்டுப் பார்த்தால் இது நான் பிசைந்த மாவுதானா என்று தோன்றும், அவ்வளவு இளகியிருக்கும். என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் இரண்டு வாரம் போராடி, "எனக்குத் தேய்க்கவே வரவில்லை" என்று அழாத குறையாகச் சொன்னாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். பிசைந்து ஐந்து நிமிடத்தில் தேய்க்கிறாளாம். அன்று அரை மணி நேரம் அவளைப் பிடித்து உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் தேய்க்கச் சொன்னேன். அவ்வளவுதான், வந்துவிட்டது.

தேய்க்க மெஷின் வேண்டும் என்று கட்டாயமில்லை. இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் இந்த வேலையையே தொழிலாகக் கொண்ட பெண்கள் இருக்கிறார்கள், அவர்களை ஸ்ஃபோலீனா என்பார்கள், அவர்கள் கையில் இருப்பது நீளமான ஒரு மரக்கட்டை மட்டும்தான். தேய்த்த தகடு எவ்வளவு மெல்லிசாக இருக்க வேண்டும் என்றால், அதற்குள்ளாகப் பார்த்தால் மலைமேல் இருக்கிற சான் லூக்கா தேவாலயம் தெரிய வேண்டும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். ஆரம்பிப்பவருக்கு அவ்வளவு வேண்டாம், தகட்டைத் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கிற விரல்களின் நிழல் தெரிந்தால் போதும். வீட்டுப் பூரிக்கட்டை போதும், மாவை நாலாகப் பிரித்து ஒன்று ஒன்றாகத் தேயுங்கள், மீதியை மூடியே வையுங்கள். நடுவிலிருந்து வெளியே தள்ளித் தேய்க்க வேண்டும், ஓரத்தைக் கட்டையால் நசுக்கக் கூடாது. மெஷின் வைத்திருப்பவர்கள் உருளைகளின் இடைவெளி அகலமாக இருக்கும் அளவில் ஐந்தாறு முறை மடித்து மடித்து விட்டு, அப்புறம் ஒவ்வொரு எண்ணாக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அவசரப்பட்டு இரண்டு எண் தாண்டினால் கிழியும். மெஷினைத் தண்ணீரில் கழுவாதீர்கள், மாவு காய்ந்ததும் தூரிகையால் தட்டி எடுத்தால் போதும்.

தேய்த்த உடனே வெட்டாமல் பத்துப் பதினைந்து நிமிடம் துணிமேல் ஆறவிடுங்கள். தொட்டால் ஒட்டக் கூடாது, மடித்தால் வெடிக்கவும் கூடாது, அந்தப் பதம்தான் வெட்டும் பதம். தளரச் சுருட்டி, கத்தியால் வெட்டி, உதறினால் நாடா நாடாவாகப் பிரியும். எத்தனை அகலம் என்று கேட்பவர்களுக்குப் பொலோன்யா ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1972 ஏப்ரல் 16 அன்று அந்த நகரத்து வணிகச் சபையில் தாலியத்தெல்லே என்ற நாடாப் பாஸ்தாவின் அகலத்தை முறைப்படி பதிவு செய்தார்கள், வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் என்று. அந்த ஊரின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு அது, தங்கத்தில் ஒரு மாதிரியே செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு உணவை அவ்வளவு மரியாதையோடு வைத்துக்கொள்கிற ஊரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் ஒன்று 6, ஒன்று 10 என்று வந்தாலும் கவலைப்படாதீர்கள், எல்லாம் ஒரே கனமாக இருந்தால் சேர்ந்தே வேகும். வெட்டியதன் மேல் தூவ மைதா வேண்டாம், ரவை தூவுங்கள். மைதாவை ஈர மாவு உறிஞ்சிப் பசையாகிவிடும், ரவை ஒட்டாமல் நின்று, தண்ணீரில் போட்டதும் அடியில் உதிர்ந்துவிடும்.

தூவத்தான் ரவை, பிசைய அல்ல. முட்டை சாப்பிடாதவர்கள் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசையலாம் என்று உங்கள் குறிப்பு சொல்கிறது. இத்தாலியின் தெற்கில் முட்டை இல்லாமல் செய்வது உண்மைதான். பூலியாவில், பாரி நகரத்தின் பழைய பகுதியில், பெண்கள் வீட்டு வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, சின்னக் கத்தியால் இழுத்து இழுத்துக் காது வடிவத்தில் ஓரெக்கியெத்தே செய்வார்கள். ஆனால் அவர்கள் எடுப்பது டியூரம் என்ற கடினக் கோதுமையை இரண்டாவது முறையும் நைசாக அரைத்த மாவு. கரகரப்பான ரவையைப் பிசைந்தால் குருணை குருணையாகவே நிற்கும், வேகும்போது உடையும். அந்த நைஸ் மாவு கிடைத்தால் 100 கிராமுக்கு 50 கிராம் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கிடைக்கவில்லையா? இத்தாலியின் தெற்கு தோஸ்கானா பகுதியில் பீச்சி என்று கையால் உருட்டுகிற ஒரு பாஸ்தா உண்டு, அதற்குப் போய்விடுங்கள். மைதா, அதில் பாதி எடைக்குத் தண்ணீர், கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். அரை மணி ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் கனமாகவே தேய்த்து, பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொன்றையும் பலகையில் உள்ளங்கையால் உருட்டி நீளக் கயிறாக்க வேண்டும். ஒன்று தடியாக, ஒன்று மெல்லிசாக வரும், அப்படித்தான் அது இருக்கும். யாராவது என்னிடம் முதலில் எதைச் செய்வது என்று கேட்டால் தாலியத்தெல்லே என்று சொல்ல மாட்டேன், பீச்சி என்றுதான் சொல்வேன். குழந்தைகளையும் உட்காரவைத்து உருட்டச் சொல்லலாம். தடிமனைப் பொறுத்து நாலிலிருந்து ஆறு நிமிடம் வேகும், ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து இறக்குங்கள்.

வேகவைப்பதற்கு வருகிறேன். ஒட்டாமலிருக்கத் தண்ணீரில் எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறீர்கள். எண்ணெய் மேலே மிதக்கும், உள்ளே வேகிற பாஸ்தாவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வடிக்கும்போதுதான் இழை இழையாகப் பூசிக்கொள்ளும், அப்புறம் சாஸ் பிடிக்காமல் வழுக்கித் தட்டின் அடியில் நிற்கும். ஒட்டாமலிருக்க வேண்டியது நிறையத் தண்ணீர், 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர், அதில் 10 கிராம் வரை உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது போட்டு முதல் அரை நிமிடத்தில் ஒருமுறை கிளறிவிடுங்கள். முட்டைப் பாஸ்தா இரண்டு, மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், அதனால் சாஸ் முதலிலேயே தயாராக இருக்க வேண்டும். பாக்கெட் பாஸ்தாவின் பத்து நிமிடக் கணக்கை இதற்குப் போட்டால் கூழாகும். வடித்தபின் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள். வெந்த தண்ணீரில் அரை கப் எடுத்து வைத்து, சாஸ் இருக்கிற வாணலியிலேயே பாஸ்தாவைப் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிரட்டுங்கள். அதில் கரைந்திருக்கிற மாவுச்சத்துதான் வெண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கிறது. முதல் நாள் வெண்ணெய், மிளகு, பார்மிஜானோ சீஸ் போதும், மாவின் ருசி தெரியட்டும்.

மார்க்கோ போலோதான் சீனாவிலிருந்து பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று பெட்டிச் செய்தியில் போட்டிருந்த கதையைத் தயவுசெய்து இனிமேல் போடாதீர்கள். அவர் சீனாவிலிருந்து திரும்பி வெனிஸ் வந்தது 1295-இல். அதற்கு 140 வருடங்களுக்கு முன்பே, 1154-இல், அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் சிசிலியில் பலெர்மோவுக்குப் பக்கத்தில் இருக்கிற திராபியா என்ற ஊரில் 'இத்ரியா' என்ற இழைப் பாஸ்தாவை நிறையச் செய்து கப்பலில் பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்போது மார்க்கோ போலோ பிறக்கவே இல்லை. பாக்கெட் பாஸ்தா மட்டம், வீட்டுப் பாஸ்தா உசத்தி என்ற தொனியும் சரியில்லை. உலர்ந்த பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967-இல் சட்டமே போட்டது, அதன் கடிபதம் வேறு, இதன் மென்மை வேறு. எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு.

மேலே சொன்னதெல்லாம் ருசிக்கும் மாவுக்கும் ஆன விஷயம். இந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுதுவதற்குக் காரணம் கடைசி வரி. "வெட்டிய பாஸ்தாவை இரவு முழுவதும் துணியில் காயவைத்து, டப்பாவில் ஒரு மாதம் வரை வெளியிலேயே வைத்துப் பயன்படுத்தலாம்" என்று இருக்கிறது. முட்டை சேர்த்த மாவுக்கு இது ஆபத்தான யோசனை. பச்சை முட்டையில் சால்மோனெல்லா இருக்கலாம், ஈரமாவு அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகும். தொழிற்சாலையில் வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தி உலர்த்துகிறார்கள், நம் சமையலறைத் துணியில் அது நடக்காது. மேலே காய்ந்தமாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். போன வாரம் அதைப் படித்துச் செய்து டப்பாவில் போட்டு வைத்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள், சிலர் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பார்கள், கர்ப்பிணிகள் இருப்பார்கள்.

அதனால் அடுத்த இணைப்பிதழ் வரைகூடக் காத்திருக்காமல், நாளைய நாளிதழிலேயே, குறிப்பு வந்த அதே அளவு எழுத்தில், இந்த நாலு வரியை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: முட்டை சேர்த்த பாஸ்தாவை வெளியில் வைத்துச் சேமிக்கக் கூடாது. செய்த அன்றே சாப்பிடுவது நல்லது, மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்றிரண்டு நாள். நீண்ட நாள் வேண்டுமென்றால் ரவை தூவி, தட்டில் பரப்பி ஃபிரீசரில் உறையவைத்து, அப்புறம் பையில் போட்டு ஒரு மாதத்துக்குள், உருகவிடாமல் நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பயன்படுத்தலாம். போன ஞாயிறு குறிப்பைப் பார்த்துச் செய்து வெளியில் வைத்திருப்பவர்கள் அதைச் சாப்பிடாமல் எறிந்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி